மெத்தையிலக்கணம்: நான்கு நூற்பாவும் உரையும்

பாயிரம்

சேலை எடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிற குடும்பம், பத்து ஆண்டு படுத்துக் கிடக்கப் போகும் மெத்தையை ஒரே கடையில், வெயிலில் வந்த வியர்வை ஏசியில் காய்வதற்குள் வாங்கிவிடுகிறது. சேலையென்றால் விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, தோளில் போட்டு, பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத அம்மாளிடமும் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் பில். மெத்தைக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. கேட்க ஆள் இல்லாத பொருளுக்கு இலக்கணம் எழுதுவது அறிஞர் கடமை.

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று தமிழில் ஐந்திலக்கணம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் அறுவகை இலக்கணம் செய்தார். அதோடு நிற்காமல் ஏழாம் இலக்கணமும் செய்தார். எட்டாவது நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அதில் மெத்தையைப் போட்டு அமர்த்துவதே இந்நூலின் நோக்கம்.

நூல் நுதலிய பொருள்: சொகுசும் வேண்டும், நஞ்சும் கூடாது என்பவர் மெத்தை தேர்ந்தெடுக்கும் முறை. கேட்போர்: மாதத் தவணை கட்டுவோர். யாப்பு: சூத்திரமும் உரையும். எல்லை மட்டும் சற்று விரித்துச் சொல்லத் தக்கது.

நெடுநல்வாடையில் நக்கீரர் ஓர் அரசியின் கட்டிலைக் காட்டுகிறார். நாற்பது வயதுப் போர்யானையின் தந்தத்தில் இழைத்தது. மேலே துணையோடு கூடிய அன்னத்தின் மெல்லிய தூவி பரப்பியது. இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் வங்கி மேலாளரே எழுந்து நின்றுவிடுவார். அவ்வளவும் இருந்து, அரசிக்குத் தூக்கம் வரவில்லை. கணவன் பாசறையில், அவனும் அங்கே நள்ளிரவில் தூங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். ஆகவே தூக்கமின்மைக்குக் காரணம் மெத்தைதானா, மெத்தையில் இல்லாத ஆளா என்பதை வாங்குவோர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். பின்னது காரணமானால் இந்நூல் உதவாது. கடைக்காரரும் உதவ மாட்டார், ஆனால் அதைச் சொல்லவும் மாட்டார்.

முதல் நூற்பா

கிடந்தறி பொருளே மெத்தை, அதனை
அழுத்தி அறிதலும் அமர்ந்தறி தலுமே
அறியா மையின் பாற்படும் என்ப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், மெத்தையை எவ்வுறுப்பால் அறிவது என்பது நுதலிற்று.

மதுரையில் ஒரு மெத்தைக் கடை. கணவன், மனைவி, மனைவியின் தாயார். விற்பனைப் பையன், "படுத்துப் பாருங்க சார், செருப்போடவே படுங்க, கால்மாட்டுல ஷீட் போட்டிருக்கு" என்கிறான். கணவன் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு முறை குலுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

"ஏங்க, படுத்துப் பாக்கச் சொன்னா உக்காந்து பாக்குறீங்க?"

"எல்லாரும் பாக்குறாங்க."

தாயார் அதுவரை பேசவில்லை. வலது உள்ளங்கையை விரித்து மெத்தையின் நடுவில் வைத்து, சப்பாத்தி மாவுக்குக் கொடுக்கிற அழுத்தத்தைக் கொடுத்து, கையை எடுத்தார். பள்ளம் மெதுவாக மேலே எழும்புவதைப் பார்த்தார். "உள்ள வாங்குது. மாப்பிள்ளை இடுப்புக்கு ஆகாது."

வழக்கு முடிந்தது. மாப்பிள்ளையின் இடுப்பு அந்த மெத்தையைத் தொடவே இல்லை என்பதைச் சபை கவனிக்க.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் அடுக்கும்போது, உடம்பால் உற்று அறிவதை முதற்படியில் வைத்தது. புல்லும் மரமும் அந்தப் படியில் நிற்கின்றன. மெத்தை வாங்கும் ஆறறிவு மனிதர் அந்தப் படிக்கும் கீழே நின்று, கையாலும் காதாலும் மூக்காலும் கண்ணாலும் வாங்குகிறார். முதுகைத் தவிர மற்ற எல்லோரையும் கலந்து ஆலோசிக்கிறார்.

சரியாகச் செய்தவர் ஒருவர் உண்டு. புறநானூற்று மோசிகீரனார் சேரன் அரண்மனைக்குக் களைத்துப் போய் வந்து சேர்ந்தார். முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்தார்கள். முரசு வைக்கும் கட்டில் நுரைபோல் மெத்தென்று பூப்பரப்பிக் கிடந்தது. அழுத்திப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். முரசு கட்டிலில் ஏறினால் தலை தப்பாது என்பது அக்கால விதி. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்து, வாளை ஓங்காமல் விசிறியை எடுத்து வீசினான். வாடிக்கையாளர் கண்விழிக்கும்வரை காற்று வீசிய நிறுவனத் தலைவர் அவருக்குப் பின் எவரும் தோன்றவில்லை.

இன்னொருவர், வேதாளக் கதைகளில் வரும் படுக்கைச் சுகவாசி. ஏழு மெத்தைக்கு அடியில் கிடந்த ஒரு மயிர் அவர் விலாவில் தடம் பதித்தது. சாப்பாட்டில் சுகவாசி, பெண்ணில் சுகவாசி என்று அவருக்குப் போட்டியாளர் இருவர். மூவரில் மிஞ்சியவர் யார் என்று வேதாளம் கேட்க, படுக்கைக்காரரே என்றான் மன்னன். மற்றவர்கள் சொன்னதை எங்காவது கேட்டறிந்தும் சொல்லியிருக்கலாம். இவர் உடம்பில் தடம் இருக்கிறதே என்பது அவன் வாதம். சான்றின்றி எதையும் ஏற்காத அம்மன்னனே எம் ஆய்வு முறைக்கு முன்னோடி.

ஆகவே கடைக்குப் போனால் படுக்க வேண்டும். எந்தப் பக்கமாகத் தூங்குவீர்களோ அந்தப் பக்கமாக, தலையணையோடு, பத்து நிமிடமாவது. கட்டிலில் இருவர் படுப்பதானால் இருவருமே படுக்க வேண்டும். ஒருவர் புரளும்போது மற்றவர் தூக்கிப் போடப்படுகிறாரா என்பது தெரிய வேறு வழியில்லை. கடையில் நான்கு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும். சுருட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பும் நிறுவனங்கள் நூறு இரவு படுத்துப் பார்க்கச் சொல்வது நல்ல ஏற்பாடுதான். என்ன, பெட்டியை விட்டுக் கிளம்பிய மெத்தையைத் திரும்பப் பெட்டிக்குள் அடைக்க மனிதப் பிறவியால் ஆகாது என்பதை முதல் இரவே கண்டுகொள்வார்கள்.

இரண்டாம் நூற்பா

கல்லும் ஆகாது; களியும் ஆகாது;
இடைப்படு திண்மையே இடுப்பிற்கு இனிது.

கைக்கு அடுத்தபடியாக மெத்தை வாங்குவது காது. இடுப்பு வலி என்று வாய் திறந்தால் போதும், "கட்டாந்தரைல படு, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்று சொல்ல எல்லாத் தெருவிலும் ஒரு பெரியவர் இருக்கிறார். எவ்வளவு கடினமோ அவ்வளவு மருத்துவ குணம் என்பது இப்பள்ளியின் கொள்கை. கடைகளில் 'ஆர்த்தோ' என்ற பெயரைத் தாங்கி நிற்கும் மெத்தைகள் இந்தக் கொள்கையின் வழித்தோன்றல்கள். அந்தப் பெயரை ஒட்டுவதற்கு எலும்பு மருத்துவர் எவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பு ஸ்பெயினிலிருந்து வந்தது. 2003-இல் கோவாக்ஸ் குழுவினர் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேர். பாதிப் பேருக்குக் கடின மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கடினம்; யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஐரோப்பிய அளவுகோலில் 1 என்றால் மிகக் கடினம், 10 என்றால் மிக மென்மை. அதன்படி முன்னது 2.3, பின்னது 5.6. 90 நாள் கழித்துப் பார்த்தால் நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. தெருப் பெரியவருக்கு இச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. சேர்ந்தாலும், "ஸ்பெயின்காரன் இடுப்பு வேற, நம்ம இடுப்பு வேற" என்பார்.

காரணம் எளிது. ஒருக்களித்துப் படுக்கிறவருக்குத் தோளும் இடுப்பும் புடைத்து நிற்கும். மெத்தை அவ்விரண்டுக்கும் கொஞ்சம் இடம் விட்டு, இடையில் உள்ள வளைவைத் தாங்க வேண்டும். பலகை இடம் விடாது. இலவம்பஞ்சு தேவைக்கு மேல் விட்டுவிடும். குப்புறப் படுப்போருக்கு வயிறு தொய்யக் கூடாது. அவர்களுக்குச் சற்றுக் கடினம் நல்லது. எடை மிகுந்தவர் பையன் பேச்சைக் கேட்டு மிருதுவானதை வாங்கினால் ஒரு வருடத்தில் தம் உருவத்தின் வார்ப்பு நடுவில் கிடைக்கும்.

பையன் பேச்சு என்றதும் நினைவுக்கு வருவது 'டென்சிட்டி'. "இது முப்பத்திரண்டு டென்சிட்டி சார், அது நாப்பது, அதான் கெட்டி" என்பான். பாதி சரி. அந்த எண், ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பது. அதிக டென்சிட்டி அதிக நாள் உழைக்கும், அவ்வளவே. கெட்டியா மெத்தென்றிருக்குமா என்பது வேறு கணக்கு. எடை மிக்க ஃபோம் மிருதுவாகவும் இருக்கும்; எடையில் மெலிந்தது முறைத்துக்கொண்டும் இருக்கும். மனிதரிலும் உண்டு.

மூன்றாம் நூற்பா

நாற்றம் முந்தும்; நஞ்சு பிந்தும்;
இரண்டும் ஒன்றெனக் கொள்வோர் பலரே.

மூன்றாவது உறுப்பு மூக்கு. உறையைக் கிழித்ததும் குப்பென்று வருகிற வாடையை முகர்ந்து, "கெமிக்கல்!" என்று வீடே கூடும். அதே வீட்டார் புதுக் காரின் வாடையை ஆழ்ந்து இழுத்து, "புது வண்டி வாசம்" என்று கண்மூடுவார்கள். இருக்கைக்குள் இருப்பதும் அதே ஃபோம்தான்.

இந்த நுரையின் வரலாறு 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் தொடங்குகிறது. ஓட்டோ பேயர் குழுவினர் ஐசோசயனேட்டையும் பாலியாலையும் சேர்த்து பாலியூரிதேன் கண்டார்கள். கலவையில் தண்ணீர் பட்டால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, பொருள் நுரைத்துப் பொங்கும். அது இறுகினால் ஃபோம். ஐசோசயனேட் நச்சுதான். ஆனால் அந்த ஆபத்து பெரும்பாலும் ஆலையில் அதைக் கையாளும் தொழிலாளிக்கு. வினை முழுதாக முடிந்த மெத்தையில் அது ஏறக்குறைய மிச்சம் இருப்பதில்லை. வீட்டுக்கு வருவது, எளிதில் ஆவியாகும் சில சேர்மங்களின் வாடை. ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்தால் சில நாளில் பெரும்பாலும் தணியும். ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீட்டில் இதைச் செய்யாமல் படுக்கக் கூடாது.

மூக்கு தவறவிட்டவை வேறு. ஃபோமில் தீ பற்றாமலிருக்கச் சேர்த்த பென்டா வகைப் புரோமின் சேர்மங்களுக்குப் பெரிய வாடை கிடையாது. மெல்ல மெல்ல வீட்டுத் தூசில் இறங்கி, தூசிலிருந்து உடம்பில் ஏறி, கொழுப்பில் தங்கின. பல ஆண்டு கழித்து, 2009-இல்தான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க மலிவு மெத்தைகள் சிலவற்றில் தீத்தடுப்புக்குக் கண்ணாடி இழை உறை வைக்கிறார்கள். மேலுறையைத் துவைக்கலாம் என்று ஜிப்பைத் திறந்தவர் வீடு முழுக்கக் கண்ணாடித் தூள். கலிபோர்னியா 2027 முதல் அதைத் தடுத்துச் சட்டம் செய்திருக்கிறது. அதற்கும் வாடை இல்லை. எனவே 'வாடை வந்தால் நஞ்சு, வராவிட்டால் அமுதம்' என்பது வழுவமைதியுள்ளும் அடங்காத வழு.

இனி 'இயற்கை' மெத்தைகள். இலவம்பஞ்சு நம் வீட்டுப் பிள்ளை. போடிநாயக்கனூர்ப் பக்கம் தொழிலாகவே நடக்கிறது. அந்த இழை உள்ளே குழலாய், பெரும்பகுதி காற்றாய் இருப்பது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். கப்பலில் உயிரைக் காக்கும். கட்டிலில் இரண்டே வருடத்தில் கட்டி தட்டும். வெயிலில் போட்டு, பிரித்து, அடித்துத் திரும்ப அடைக்க வேண்டும். பஞ்சு அடிக்கிற வில்லோடு தெருவில் குரல் கொடுத்து வந்தவர் வருவது நின்று எவ்வளவோ நாளாயிற்று. இப்போது இலவு காத்த கிளி நாம்தான்.

தென்னை நார் மெத்தை, திரித்துச் சுருட்டிப் பிரித்த நாரில் ரப்பர்ப் பாலைத் தெளித்துச் சூட்டில் அழுத்திச் செய்வது. காற்றோடும், நம் வெக்கைக்கு ஏற்றது, கடினம் பிடித்தோர்க்கு உகந்தது. நாளடைவில் படுக்கிற இடம் பள்ளம் விழும்.

லேடெக்ஸ், ரப்பர்ப் பாலை நுரைக்க அடித்துச் சுட்டு எடுப்பது. 1929-இல் டன்லப் ஆய்வகத்தில் பிறந்தது. அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். "காத்தோட்டத்துக்கு சார்" என்பான் பையன். அச்சுக்குள் இருக்கிற உலோகக் குச்சிகள் நடுவரை சூட்டைக் கொண்டுபோய்ச் சமமாக வேகவைத்த தடங்கள் அவை. காற்றோட்டம் இலவச இணைப்பு. சொகுசும் உழைப்பும் இதில் கூடி வருகின்றன, விலையும் கூடியே வருகிறது. 'நேச்சுரல் லேடெக்ஸ்' என்று எழுதியதற்குள் ஒரு அங்குலம் லேடெக்ஸும் ஐந்து அங்குலம் ஃபோமும் இருக்கலாம்; செயற்கை ரப்பர் கலந்தும் இருக்கலாம். ஓரத்து ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜிப்பே இல்லை என்றால் உள்ளே என்ன, எத்தனை அங்குலம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பையன் மேனேஜரைக் கூப்பிடப் போவான். அந்த இடைவெளியில் மெத்தையில் படுத்துக்கொள்ளலாம்.

மெமரி ஃபோமுக்கு 'விண்வெளித் தொழில்நுட்பம்' என்று பட்டம். 1966-இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் செய்தது உண்மை. விமான இருக்கையில் அடிபடாமல் காப்பதற்கு. உடம்புச் சூட்டில் இளகி உருவத்துக்கு வளைவது அதன் குணம். சித்திரை மாதம் மின்சாரம் போன இரவில் அந்தக் குணம் அளவு மீறிப் போகும்.

சான்றிதழ்களிலும் எது எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 'ஜிஓஎல்எஸ்' என்பது லேடெக்ஸுக்கு. 95 சதவீதத்துக்கு மேல் இயற்கை வேளாண் ரப்பர்ப் பால் என்கிறது. 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' 1992 முதல் இருப்பது. தீங்கான பொருள்கள் வரம்புக்குள் உள்ளனவா என்று சோதிப்பது, குழந்தைகளுக்கானவற்றுக்கு வரம்பு இன்னும் இறுக்கம். 'செர்டிபூர்' ஃபோமை மட்டும் பார்ப்பது. அதன் மேலே போர்த்திய துணியையும் இடையில் தடவிய பசையையும் பற்றி மூச்சு விடாது. இவற்றில் சான்றிதழ் எண் இருக்கும். அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். வெறுமனே பச்சை இலை படம் போட்டு 'ஈகோ' என்று எழுதியிருந்தால் அது அச்சகத்தாரின் கைவண்ணம்.

இத்தனையும் விசாரித்து, கடன் வாங்கி, நஞ்சற்ற மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்து, விளக்கணைத்து, கட்டிலுக்கு அடியில் ஒரு கொசுவர்த்திச் சுருளை ஏற்றுவார்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்துச் சொன்னது: ஒரு சுருளின் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம், ஃபார்மால்டிஹைடு அதிகபட்சம் 51 சிகரெட் அளவு. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2004-இல் உறுதி செய்த பொருள். மெத்தையில் அது இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் பையனை உலுக்கியவர் அதற்கு நேர் மேலே மல்லாந்து படுத்திருப்பார். மெத்தைக்குள் அந்துருண்டை, கட்டில் சந்தில் மூட்டைப்பூச்சி மருந்து. கொசுவலை பரண்மேல் இருக்கிறது. அதைக் கட்ட சுவரில் ஆணி அடிக்க வேண்டும், வீட்டு ஓனர் விடமாட்டார்.

நான்காம் நூற்பா

உறைகழி யாது மெத்தைமேற் கிடப்போன்
கிடப்பது மெத்தைமேல் அன்று, உறைமேல்.

கடைசியாகக் கண். கறை படுமே என்று அஞ்சுவது கண்தான். முதுகுக்குக் கறை தெரியாது. கடையிலிருந்து வந்த பாலித்தீன் உறையை எடுக்காமல், அதன் மேலேயே பெட்ஷீட் விரிப்பது தமிழகம் எங்கும் காணக் கிடைக்கும் வழக்கு. டி.வி. ரிமோட்டுக்கும் இவ்விதி பொருந்தும். புரளும்போதெல்லாம் சரசரவென்று சத்தம். பெட்ஷீட் வழுக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போய்விடும். விடிந்தால் முதுகு நனைந்திருக்கும். காற்றோட்டத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்த லேடெக்ஸ் உள்ளே மூச்சு முட்டிக் கிடக்கும். வாடையும் ஈரமும் போக வழியின்றி மெத்தைக்குள்ளேயே குடியிருக்கும். மழைக்காலத்தில் பூஞ்சணமும் வந்து சேரும்.

"குழந்தை ஒண்ணுக்குப் போயிட்டா?" என்பது எதிர்வாதம். நியாயமான தடை, விடையும் உண்டு. ஜிப் வைத்த பருத்தி மேலுறையும், அதன் கீழ் குழந்தை படுக்கிற பக்கம் மட்டும் ஒரு நீர்த்தடுப்பு விரிப்பும் போதும். இரண்டையும் துவைக்கலாம். ஆனால் பாலித்தீனை எடுக்காததற்கு உண்மைக் காரணம் குழந்தை அன்று என்பது எம் துணிபு. அக்குழந்தை கல்லூரிக்குப் போன பின்னும் உறை இருக்கிறது.

புறனடை

சொல்லாது விட்டவை சொல்லிய கொண்டு
சொல்லிக் கொள்ளுதல் வாங்குவோர் கடனே.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று பாய்க்கட்சியினர் ஒரு பழமொழியைத் தூக்கிக்கொண்டு வருவர். அதைச் சொன்னவருக்கு அப்போது வயது முப்பதுக்குள் இருந்திருக்கும் என்பதே விடை. பத்தமடைப் பாயின் நேர்த்தியை யாம் மறுக்கவில்லை. கோடையில் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் அறுபது வயது முட்டி, விடியலில் தரையிலிருந்து எழும்போது அந்த நேர்த்தியை நினைப்பதில்லை.

கைக்குழந்தைக்குச் சொகுசு மெத்தை கூடாது. முகம் புதையாத, சமமான, கெட்டியான பரப்பு வேண்டும், தலையணை வேண்டாம். இவ்விடத்தில் மட்டும் விளையாட்டு இல்லை.

எஞ்சியது ஒரே சிக்கல். வீட்டிலேயே நல்ல மெத்தை எந்த அறையில் கிடக்கும் என்று நோக்கின், அது தினம் தூங்குவோர் அறையில் கிடப்பதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிற மாப்பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறையில், ஆண்டு முழுதும் உறையோடு காத்திருக்கும். அவர் வருவார். இரண்டு நாள் முன்பே உறையைக் கழற்றி, புது விரிப்புப் போட்டு, அறைக் கதவைத் திறந்து வைத்து, "மாப்ள, ரூம்ல போய்ப் படுங்க" என்று மாமனார் மூன்று தரம் சொல்வார். "இதோ மாமா" என்று மூன்று தரமும் மறுமொழி வரும். ரிமோட் கையில் இருக்க, கழுத்து ஒரு கைப்பிடியிலும் கால் மறு கைப்பிடியிலும் தொங்க, அவர் ஹாலிலேயே தூங்கிப் போவார். குறட்டையின் தரத்தை நோக்க, அது ஆழ்ந்த உறக்கமே. அதற்குரிய இலக்கணம் சோபாவியலின்பாற்படும். இந்நூலாசிரியர் அதிகாரம் அங்கே செல்லாது.